ஆயிரத்து நானூறு படமும் ஒரு எருமையும்

ஏலே பேராண்டி, முதல்ல அந்தப் பைய இறக்கி வை. நீ வாசல்ல வந்து நின்ன கோலத்தப் பாத்துட்டு, பருத்திக்கு மருந்தடிக்க ஆளு வந்துருக்குன்னுல்லா உங்க ஆச்சி நெனச்சுட்டா. முதுகுல ஒரு மூட்டை, கழுத்துல ஒரு பட்டை, கையில மூணு காலு. உனக்குன்னு இருக்கற ரெண்டும் வலுவாத்தான இருக்கு, மூணு காலு வேற என்னத்துக்குலே? சரி, உக்காரு. எனக்கும் உன்கிட்ட ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கு. அதக் கடைசியில சொல்லுதேன். இப்பமே சொன்னா ஓடிருவ.

நேத்து அம்மன் கொடையில எத்தன படம் எடுத்த? 1,400-ஆ! சபாசு. எத்தன தேறுச்சு? வெக்கப்படாம சொல்லு. ஒண்ணா? அதுவும் உங்க அத்தை கூப்பிட்டாளேன்னு திரும்பினப்போ விரல் பட்டு தானா விழுந்ததா? பரவால்ல ராசா. 1,400 கல்லு விட்டெறிஞ்சா ஒரு மாங்கா விழத்தான் செய்யும். உன்னக் குறி பாத்து அடிக்கறவன்னு ஊரு சொல்லாது. ஆனா மாங்கா மாங்காதான், ஊறுகாய்க்கு ஆகும்.

சிரிக்காத. நான் பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல 31 வருசம் ஸ்டுடியோ வச்சிருந்தவன். கைலியும் துண்டுமா திண்ணையில கெடக்கறதால இந்தக் கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனச்சிராத. யாஷிகா பொட்டியில 120 ரோலு போட்டா 12 படம். பன்னெண்டே பன்னெண்டு. ஊட்டியில 1960-ல ஆரம்பிச்ச ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனியோட ‘இந்து’ பிலிம்தான் நமக்குக் கட்டுப்படியாகும். பதிமூணாவது படம் வேணும்னா இன்னொரு ரோலு வாங்கணும், ரோலு வாங்கணும்னா கோயில்பட்டிக்குப் பஸ் ஏறணும். எடுத்தது தேறுச்சா தேறலையான்னு இருட்டறையில கழுவிப் பாத்தாத்தான் தெரியும். அதனால பொத்தான அமுக்கறதுக்கு முன்னால விரலு பத்து தடவ கணக்குப் போடும். எங்களுக்கு வாச்சது கஞ்சன் விரலு. உன் விரலு இருக்கே, அது மொய் எழுதாம பந்திக்கு வந்தவன் விரலு.

அடுத்து நீ என்ன கேக்கப் போறன்னும் தெரியும். “தாத்தா, அடுத்து எந்த லென்சு வாங்கலாம்?” ஏலே, மாடு வாங்கி நாலு நாளாகல, காம்பப் பிடிச்சுக் கறக்கத் தெரியல, அதுக்குள்ள அடுத்த மாட்டுக்குத் துண்டு போட்டு வெல பேசுதியே! பெட்டியோட வந்த 18-55 லென்சு ஒண்ணு போதும், ஒரு வருசத்துக்கு. கை துருதுருன்னா பழைய விலைக்கு ஒரு 50 லென்சு, 1.8-ன்னு போட்டது வாங்கிக்க. அதுக்கு மேல என்ன வாங்கினாலும் உங்க அப்பன்ட்ட சொல்லாத, என்கிட்டயும் சொல்லாத.

மெகாபிக்சல் மெகாபிக்சல்னு வேற பிராணன வாங்குத. அது என்னன்னு தெரியுமா? புள்ளி. உங்க ஆச்சி மார்கழியில வைக்காளே, அதே புள்ளிதான். 1975-ல அமெரிக்காவுல, கோடாக் கம்பெனியில, ஸ்டீவன் சாசன்னு ஒரு எஞ்சினியர் முதல் டிஜிட்டல் கேமராவ ஒப்பேத்தினான். மூணரை கிலோவுக்கு மேல கனம். படத்தப் பதியறது பாட்டுக் கேசட்டுல. ஒரு படம் பதிய 23 செகண்டு. அதுல எத்தன புள்ளிங்க? நூறு புள்ளி நூறு வரிசை. மொத்தமே 10,000. பிலிம் வித்துக் கொழிச்சுக்கிட்டிருந்த கம்பெனிக்கு அத வளக்க மனசு வரல. கடைசியில 2012-ல, மஞ்ச டப்பாவுல பிலிம் வித்தவன் மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான்.

உன் பொட்டியில 6,000 புள்ளி, 4,000 வரிசை. 2 கோடியே 40 லட்சம். செவுத்துல மாட்டற மாதிரி 12-க்கு 8 இஞ்சுல ஒரு படம் போடணும்னு வையி. இஞ்சுக்கு 300 புள்ளின்னு தாராளமாப் போட்டாலும் 86 லட்சத்துச் சொச்சத்துல முடிஞ்சு போச்சு. மிச்சம் ஒண்ணரைக் கோடிப் புள்ளிய வச்சு என்ன செய்யப் போற, வட்டிக்கா விடப் போற? அதுவும் நீ செவுத்துலயா மாட்டுத? போனுல, உள்ளங்கையளவு தெரியறதுக்குல்லா இவ்வளவு பாடு.

சரி, இப்ப எருமைக்கு வருவோம். இதுதான் விசயம், காதக் குடுத்துக் கேளு.

போன வாரம் நம்ம எருமையப் படம் எடுத்துக் காமிச்சியே, அது திருநீறு பூசிக் காசிக்குக் கெளம்பின சாமியார் மாதிரி நின்னுச்சு. முந்தாநாளு தூத்துக்குடி உப்பளத்துக்குப் போயி உப்பு அம்பாரத்த எடுத்த. அது வீடு கட்ட இறக்கின சிமெண்டு மாதிரி இருந்துச்சு. கறுப்பும் சாம்பல், வெள்ளையும் சாம்பல். நீ என்ன சொன்ன? “கேமரா சரியில்ல தாத்தா.” கேமரா சரியாத்தாம்லே இருக்கு. அதுக்குள்ள வெளிச்சத்த அளக்க ஒரு மீட்டரு இருக்குல்லா, அதுக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு நிறம். விழற வெளிச்சத்துல நூத்துக்கு 18 பங்கத் திருப்பி விடுற நடுத்தர சாம்பல். உலகத்துல எதக் காமிச்சாலும் அது அந்தச் சாம்பலாத்தான் இருக்கும்னு அதுக்கு ஒரு நம்பிக்கை. புதுசா நாட்டாமைக்கு வந்தவன் மாதிரி, ரெண்டு பக்கமும் சமமாப் போகணும்னு அதுக்கு ஆசை. உப்பப் பாத்ததும் “ஆத்தாடி, வெளிச்சம் கூடிப் போச்சு”ன்னு குறைச்சிரும். எருமையப் பாத்ததும் “அய்யோ, இருட்டிப் போச்சே”ன்னு கூட்டிரும். அது தப்புப் பண்ணல. அதுக்கு எருமையும் தெரியாது, உப்பும் தெரியாது. உனக்குத் தெரியும்லா? அதுக்குத்தான உன்ன அதுக்குப் பின்னால நிக்க வச்சிருக்கு.

ப்ளஸ், மைனஸ்னு ஒரு பொத்தான் இருக்கு பாரு, தலையில. அதத் தொட்டிருக்கியா? தொட்டிருக்க மாட்ட, புதுசாவே இருக்கு. உப்பளத்துக்குப் போனா ஒண்ணு, ஒண்ணரை கூட்டு. எருமைக்கு ஒண்ணு குறை. மனசு நேர்மாறாத்தான் சொல்லும். இவ்வளவு வெள்ளையா இருக்கே, குறைக்கணும்லான்னு சொல்லும். கேக்காத. வெள்ளைக்குக் கூட்டு, கறுப்புக்குக் குறை. அப்புறம் அந்தப் பின்னாடித் திரையில மலை மாதிரி ஒரு கோடு காமிக்குமே, ஹிஸ்டோகிராமு, அதத் தொறந்து வச்சுக்க. அந்த மலை வலது ஓரச் செவுத்துல போய் முட்டிக்கிட்டு நின்னா வெளிச்சமுள்ள இடம் பொசுங்கிப் போச்சுன்னு அர்த்தம். பொசுங்கினது பொசுங்கினதுதான். கம்ப்யூட்டர்ல உக்காந்து ராத்திரி பூராத் தேய்ச்சாலும் இல்லாதது வராது. நிழல்ல கொஞ்சம் இருட்டா விழுந்தத வேணும்னா கிண்டி எடுக்கலாம். அதுக்கும் ‘ரா’ பைலா எடுத்திருக்கணும். ராவுன்னா அரிசி, ஜேபெக்குன்னா வடிச்ச சோறு. அரிசி இருந்தா பொங்கலும் வைக்கலாம், இட்லிக்கும் போடலாம். சோத்த வச்சு என்ன பண்ணுவ, தண்ணி ஊத்தி வைக்கலாம். ஆனா ஒண்ணு, அரிசி கையில இருக்கேன்னு உங்க அண்ணன் மாதிரி வானத்துக்குப் பஞ்சு மிட்டாய் நிறத்த அடிக்காத. போன தடவ அவன் எடுத்த பனங்காட்டப் பாத்துட்டு ஆச்சி, தீப்பிடிச்சிருச்சான்னு கேட்டா.

எஃப் நம்பரு புரியலன்னு சொன்னல்லா? நம்பரு கூடினா ஓட்டை சிறுசாகுது, குறைஞ்சா பெருசாகுது, இது என்ன கூத்துன்னு. பங்காளிக் கணக்குலே, வேற ஒண்ணுமில்ல. அப்பன் சொத்து 50 ஏக்கரு. உன் லென்சு 50 மில்லிமீட்டரு. ரெண்டு பங்காளின்னா ஆளுக்கு 25. 16 பங்காளின்னா மூணும் சொச்சமும். எஃப் 2-ன்னா ஓட்டை 25 மில்லிமீட்டரு, எஃப் 16-ன்னா மூணு மில்லிமீட்டருச் சொச்சம். பங்காளி கூடக் கூடப் பங்கு சுருங்கும். இத எனக்கு ஒருத்தனும் சொல்லித் தரல. எங்க அப்பா செத்து, ஆறு பேரு பத்திர ஆபீசு வாசல்ல நின்னப்போ தானா வெளங்குச்சு.

ஓட்டை பெருசானா வெளிச்சம் நெறைய வரும். பதிலுக்கு ஒண்ண மட்டும் தெளிவாக் காமிச்சுட்டு முன்னயும் பின்னயும் கலங்கிப் போகும். உனக்கு அது ஒரு போதை. உங்க சித்தப்பா மக கல்யாணத்துல தாலி கட்டறத எடுத்தியே, மாப்பிள்ளை மூக்கு தெளிவா இருந்துச்சு, மூக்குல இருந்த வேர்வை கூட. பொண்ணு முகம் பாசி பிடிச்ச கெணத்துத் தண்ணி. கேட்டா “போக்கே தாத்தா, போக்கே”ங்க. பொண்ணோட அம்மா உன்னத் தேடிக்கிட்டிருந்தா, நான்தான் பய வடக்க போயிட்டான்னு போக்குக் காட்டி அனுப்பி வச்சேன். ரெண்டு பேரு நின்னா 4 வை. நாலு பேரு நின்னா 5.6. குடும்பமே திரண்டு மூணு வரிசை நின்னா 8. பின்வரிசையில நிக்கற பெரியப்பா கலங்கலா விழுந்தா அடுத்த சீருக்கு வர மாட்டாரு.

ஷட்டரு அதவிட சுளுவு. கடை ஷட்டர்தான். பந்த் அன்னிக்கு டீக்கடைக்காரன் பாதி தூக்கி, ஒருத்தன உள்ள விட்டுட்டு சடக்குன்னு இறக்குவான் பாரு, அதேதான். எவ்வளவு நேரம் தொறந்து வைக்கான்ங்கறதுதான் கணக்கு. குலசேகரன்பட்டினம் தசராவுல காளி வேசம் போட்டவன் மேளத்துக்கு ஆடுதான். 1/500-ல எடுத்தேன்னா நாக்க நீட்டின காளி அப்படியே சிலையா நிப்பா. 1/15-ல, அவன் போற போக்குலயே கேமராவயும் திருப்பிக்கிட்டே எடுத்தேன்னா முகம் மட்டும் நிக்கும், கட்டி வச்ச கை அத்தனையும் புகையாப் பறக்கும். எது சரின்னு கேக்காத, ரெண்டும் சரி. நீ எடுத்துட்டு வந்தியே 1/60, அதுதான் ரெண்டுங்கெட்டான். காளிக்குக் கண்ணு வலி வந்த மாதிரி இருந்துச்சு. சும்மா நிக்கற ஆள எடுக்கறதா இருந்தாலும், 50 லென்சுக்கு 1/80-க்குக் கீழ இறங்காத. உன் கை ஆடுறது உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். டீ டம்ளர் கொண்டாந்து குடுத்தப்போ பாத்தேன்.

ஐ.எஸ்.ஓ. இருக்கே, எங்க காலத்துல ஏ.எஸ்.ஏ.ம்போம். 100 பிலிம் போட்டா, ரோலு முடியற வரைக்கும் 100 தான். உனக்கு அது குமிழுல சுத்துது. கொடைக்குக் கட்டுற குழாய் ஸ்பீக்கர நெனச்சுக்க. சத்தம் பத்தலன்னு வால்யூமக் கூட்டினா பாட்டு மட்டுமா கூடும்? இரைச்சலும் சேந்துதான கூடும்? அதுதான் 6,400-ல உன் படத்துல ரவை தூவின மாதிரி இருக்கறது. ஆனா அதுக்குப் பயந்துக்கிட்டு 100-லயே வச்சு எல்லாரையும் ஆட்டி விட்டுறாத. ரவை விழுந்த படத்தப் பாக்கலாம், ஆடின படத்த என்ன செய்வ?

இந்த மூணையும் எப்படிச் சேக்கறதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது ஒரு துண்டுச் சீட்டு. பிலிம் டப்பாவுக்குள்ள மடிச்சு வச்சிருப்பான். அதுல சூரியன் படம், மேகம் படம். பளீர்னு வெயிலடிச்சா ஓட்டைய 16-ல வை, ஷட்டர பிலிம் நம்பருக்குப் பக்கத்துல வை, அதாவது 100-க்கு 1/125. மேகம் போட்டா ஒரு படி தொற, நல்லா மூடினா இன்னும் ரெண்டு படி தொற. மீட்டரும் கிடையாது, மண்ணும் கிடையாது. வானத்த அண்ணாந்து பாக்கறதுதான் மீட்டரு. உன் கேமராவுலயும் ‘எம்’முன்னு ஒரு எழுத்து இருக்கு. ஒரு ஞாயித்துக்கெழம முழுக்க அதுல வச்சு, அந்த நாட்டாமைய வாயடைச்சுப் போட்டுட்டு, நீயே வானத்தப் பாத்துச் சொல்லிப் பாரு. முதல் பத்து படம் கேவலமா வரும். வரட்டும், உனக்குத்தான் பிலிம் காசு கெடையாதே.

ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்க. வெயிலு இருக்குங்கறதுக்காக வெயில்லயே நிறுத்தி எடுக்கணும்னு சட்டம் இல்ல. அங்கன பாரு, மணி பத்தரை. தெருவுல நின்னு கீரைக்காரிகூட மல்லுக்கு நிக்கா உங்க ஆச்சி. கண்ணு ரெண்டும் கெணறு, மூக்குக்குக் கீழ மீசை, கழுத்து கரேர்னு. அறுபது வருசமா நான் பாக்கற முகமா அது? இப்ப அவளக் கூப்பிட்டு இந்தத் திண்ணையில, நிழலு முடியற விளிம்புக்கு ஒரு முழம் உள்ள தள்ளி உக்கார வையி. கையில அந்தப் பனங்கெழங்கக் குடு, சும்மா உக்காருன்னு சொன்னா வெறைச்சுப் போவா. நார உரிச்சுக்கிட்டே நிமிந்து உன்னத் திட்டுவா பாரு, அப்ப அவ கண்ணுக்குள்ள பாரு. வெள்ளையா, அரிசி முனை மாதிரி, சின்னதா ஒரு சதுரம் தெரியுதா? அது என்ன? எதுத்த வீட்டுச் செவுரு. பொங்கலுக்கு வெள்ளையடிச்சது. வெயிலு அதுல விழுந்து திரும்பி, சல்லடையில சலிச்ச மாவு மாதிரி இவ மொகத்துல வந்து உக்காருது. ஸ்டுடியோவுல ஆயிரக்கணக்குல செலவழிச்சுக் குடையும் துணியும் கட்டி நான் வரவழைச்ச வெளிச்சத்த, எதுத்த வீட்டுக்காரன் சுண்ணாம்பு வாளியால வரவழைச்சுட்டான். அவனுக்கே அது தெரியாது. சொல்லிராத, வாடகை கேப்பான்.

அந்தச் சதுரம் கண்ணுல விழுந்தா ஆளு உசுரோட இருக்காருன்னு அர்த்தம். விழாத கண்ணையும் நான் நெறைய எடுத்திருக்கேன். அந்தக் காலத்துல போட்டோ எடுத்தா ஆயுசு குறையும்னு பயந்துக்கிட்டு வாழ்நாள் பூரா ஸ்டுடியோ பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டாங்க. போன பெறவு அவசரமா ஆளனுப்புவாங்க. நாற்காலியில உக்கார வச்சு, நாடியக் கட்டி, மாலையப் போட்டு, சுத்திக் குடும்பம் நிக்கும். என் தொழில்ல ஆடாம அசையாம சொன்ன பேச்சக் கேட்ட ஒரே கஸ்டமரு அவருதான். ஒரு செகண்டு தொறந்து வச்சாலும் அவரு மட்டும் கத்தி மாதிரி கூர்மையா விழுவாரு, சுத்தி நிக்கறவங்க எல்லாம் விசும்பி விசும்பி ஆவி மாதிரி ஆடிப் போயிருப்பாங்க. எது உசுரு எது பொணம்னு பிரிண்டப் பாத்தா கொழம்பிப் போகும். மூணு பேரா நின்னு எடுத்தா நடுவுல நிக்கறவன் போயிருவான்னு இன்னொரு பயம் வேற. மூணு பேரு வந்தா நான் பிளாஸ்டிக் பூச்சாடிய நாலாவதா நிறுத்தி, கணக்கு சரியாப் போச்சுன்னு சொல்லிருவேன். எங்க ஊருல அந்தப் பூச்சாடி இல்லாத வீட்டு ஆல்பம் கெடையாது.

இதையெல்லாம் விட்டுட்டு நீ லடாக்குப் போகணும்ங்க. அங்க போனாத்தான் படம் வருமாம். ஏலே, பஸ் ஏறினா கழுகுமலை. எட்டாம் நூத்தாண்டுல ஒரே பாறைய மேலருந்து குடைஞ்சு எறங்கி, பாதியில விட்ட வெட்டுவான் கோயில் நிக்கு. நீ ஒருதடவ போன, மத்தியானம் ஒரு மணிக்கு. பிரியாணி சாப்பிட்டுப் போயி, சிற்பம் எல்லாம் தட்டையா இருக்குன்னு வந்து சொன்ன. உச்சி வெயில்ல கல்லும் தட்டை, ஆளும் தட்டை. காலையில வெயிலு பக்கவாட்டுல சாஞ்சு வரும்போது ஒரு தடவ போ, பொழுது சாயறப்போ ஒரு தடவ போ, மழை பெய்ஞ்சு ஓஞ்ச மறுநாளு ஒரு தடவ போ. ஒரே கல்லு, நாலு விதமாத் தெரியும். டிக்கெட்டு எவ்வளவு ஆயிரப் போவுது.

1858-ல லின்னேயஸ் ட்ரைப்புன்னு ஒரு வெள்ளைக்காரக் கேப்டன், மதராஸ் அரசாங்கத்துப் போட்டோகிராபரு, மாட்டு வண்டியில பொட்டி படுக்கை ரசாயனம் எல்லாம் ஏத்திக்கிட்டு மதுரை, திருச்சி, தஞ்சாவூருன்னு சுத்தினான். மெழுகு ஏத்தின காகிதந்தான் அவனுக்கு நெகட்டிவ்வு. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் அடிப்பீடத்துல கல்வெட்டு ஓடுது பாரு, அத அடி அடியா நகந்து எடுத்து, 21 படத்த ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமா ஆக்கினான். நீ போன ஒரு சுத்து சுத்தி பனோரமாங்க, அதுலயும் உங்க மாமா ரெண்டு எடத்துல நிக்காரு. அந்த வேலைக்குக் கடைசியில என்ன ஆச்சு தெரியுமா? இது ஆடம்பரச் செலவுன்னு அரசாங்கம் 1859-ல இழுத்து மூடிருச்சு. உங்க அப்பன் பேசறது புதுசு இல்ல, பாத்துக்க.

உப்பளத்துல எடுத்தியே இன்னொரு படம், கறுப்பு வெள்ளையில, ஒரு கெழவி மொகம், சுருக்கம் சுருக்கமா. அதப் பத்தி ஒரு வார்த்தை. நல்லாருக்குன்னு எல்லாரும் சொன்னாங்களா? சொல்லத்தான் செய்வாங்க. ஆனா கலர்ல எடுத்தத எதுக்குலே கறுப்பு வெள்ளையா மாத்தின? அவ நல்ல ரத்தச் சிவப்புல கண்டாங்கி கட்டியிருந்தா, நீ எடுத்த மத்ததுல பாத்தேன். ஏழையா இருந்தா நிறத்தையும் புடுங்கிரணுமோ? அவ பேரு என்னன்னு கேட்டியா? கேக்கல. நானும் ஒருகாலத்துல கேக்காம எடுத்தவந்தான். அதே உப்பளத்துல, தலையில கூடையோட நின்ன ஒரு பொம்பளைய எடுத்துட்டுத் திரும்பறேன், “எங்க மொகத்த எங்களுக்குக் காட்ட மாட்டியளோ?”ன்னா. அடுத்த வாரம் ஒரு போஸ்ட்கார்டு சைஸ் பிரிண்டு போட்டுக் கொண்டு போயிக் குடுத்தேன். முந்தானையில ஈரத்தத் துடைச்சுட்டு, ரெண்டு விரலால ஓரத்தப் பிடிச்சுப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்துட்டு, “நான் இம்புட்டுக் கறுப்பா?”ன்னா. மறுபடி பிரிண்டு போட்டேன், அரை படி வெளிச்சமா. நீ போய்க் குடு. குடுத்துட்டு, திட்டினா வாங்கிக்க.

அந்தக் கடல் காத்துப் பக்கம் போயிட்டு வந்தா லென்சத் துடைச்சு, மூடி இறுக்கமான டப்பாவுல சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட வை. நீலமா இருக்கறது ரோசா நிறமாச்சுன்னா ஈரத்தக் குடிச்சிருச்சுன்னு அர்த்தம், வாணலியில லேசா வறுத்துத் திரும்பப் போடு. எங்க யாஷிகா கண்ணாடிக்குள்ள பங்கஸு பூத்து சிலந்தி வலை மாதிரி ஆகி, கடைசி ரெண்டு வருசம் ஊருல எடுத்த பொண்ணுங்க எல்லாம் மேகத்துக்குள்ள இருந்து எட்டிப் பாக்கற மாதிரி விழுந்தாங்க. பொண்ணு பாக்க வந்தவங்களுக்கு அது பிடிச்சுப் போச்சு. அதனால நானும் சொல்லல.

பெருமையாப் பேசிக்கிட்டே போறேனேன்னு பாக்கியா? கேளு, என் மானம் போன கதையும் சொல்லுதேன். 1984. பழசுல ஒரு 35 எம்.எம். கேமரா வாங்கி, அதக் கொண்டுக்கிட்டுப் போன முதல் கல்யாணம். முகூர்த்தம், தாலி, பந்தி, மறுவீடு, எல்லாம் எடுக்கேன். 36-ல முடிய வேண்டியது 37 போகுது, 38 போகுது, 40. ஆகா, பிலிம்காரன் ஏமாந்து கூடச் சுத்தி வச்சிட்டான், நமக்கு லாபம்னு சிரிச்சுக்கிட்டேன். இருட்டறையில கழுவினா கண்ணாடி மாதிரி இருக்கு, ஒரு ஈ கூட இல்ல. பிலிம் நுனி அந்த உருளையில மாட்டவே இல்ல. முள்ளு மட்டும் நம்பர எண்ணிக்கிட்டே போயிருக்கு. பின்னாடி சுருட்டற குமிழு சுத்துதான்னு ஒரு தடவ பாத்திருந்தா போதும். பாக்கல. மூணு நாளு கழிச்சு மாப்பிள்ளை பொண்ணு ரெண்டு பேரையும் ஸ்டுடியோவுக்கு வரவழைச்சு, “சடங்குப் படம் ஒண்ணு பாக்கியிருக்கு, இப்ப அதுதான் பேசன்”னு சொல்லி, மறுபடி மாலைய மாத்த வச்சேன். பின்னாடி என்கிட்ட இருந்த ஒரே திரை தாஜ்மகால். இன்னைக்கும் அவங்க வீட்டு நடுக்கூடத்துல அது தொங்குது. “தாத்தா, உங்களுக்கு ஆக்ராவுலயா கல்யாணம்?”னு பேரப்புள்ளைக கேக்குதாம்.

சரி, என் காரியத்துக்கு வாரேன். மேலத்தெருவுல போன மாசம் ஒருத்தரு போனாருல்லா, என்னைய விட ரெண்டு வயசு இளையவரு. முக்குல அவருக்குப் பிளக்சு வச்சாங்க. வாக்காளர் அட்டையில இருந்த படத்தப் பத்தடிக்குப் பெருசாக்கிட்டானுக. ஆடு திருடிப் பிடிபட்டவன் முழிக்கற மாதிரி முழிக்காரு பாவம், கீழ ‘கண்ணீர் அஞ்சலி’. அதப் பாத்ததுலேர்ந்து எனக்கு ராத்திரி தூக்கம் வரல. ஊரு பூரா மொகத்த எடுத்தவனுக்குச் சொந்தமா ஒரு படம் கெடையாது. இருக்கறது அதே அட்டைதான், அதுல நான் ஆட்டுக்குச் சொந்தக்காரன் மாதிரி கூட இல்ல, ஆடு மாதிரி இருக்கேன். அதுக்குத்தாம்லே உன்ன உக்கார வச்சு இவ்வளவு நேரம் தொண்டத் தண்ணி வத்தினது.

ஆச்சிட்ட சொல்லிராத, அழுவா. அந்தக் கொடியில தொங்கற வெள்ளைச் சட்டைய எடு. இங்கன உக்காரட்டா? ஒரு முழம் உள்ளயா? சரி. செவுரு கண்ணுல விழுதா பாரு. சட்டையும் வெள்ளை வேட்டியும் வெள்ளை, நாட்டாமை ஏமாந்துருவான், ஒண்ணு கூட்டி வை. ஓட்டை 4. ஷட்டரு 1/125. கிட்டத்துல இருக்கற கண்ணுல போக்கஸ் வை, மூக்குல வச்ச, தொலைச்சுப்புடுவேன். சிரின்னு சொல்லாத, சொன்னா எனக்கு வராது. அந்த ஆக்ரா கல்யாணத்த நெனச்சுக்கிடுதேன். எடு. இன்னொண்ணு. தலையக் கொஞ்சம் சாய்க்கட்டா? எடு, எடு. பன்னெண்டு ஆச்சா? ரோலு முடிஞ்சுது, போதும். கொண்டா, காமி.

என்னலே, ஒண்ணையும் காணோம்? ஓரத்துல என்னமோ செவப்பா மினுங்குதே, அது என்ன? கார்டு இல்லையா? நேத்து ராத்திரி லேப்டாப்புல சொருகினது அங்கயே கெடக்கா?

சரி, சரி, மொகரையத் தொங்கப் போடாத. நான் சட்டையக் கழட்டல. எதுத்த செவுத்துல வெயிலு நிக்க இன்னும் முக்கா மணி நேரம் இருக்கு. ஓடிப் போயி எடுத்துட்டு வா. வர்ற வழியில கடையில எனக்கு ஒரு டீ சொல்லு, சீனி கம்மியா. ரெண்டு உளுந்த வடையும்.